கடைசித் தட்டு

சித்தூர் கடைத்தெருவில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு ஓடினால் எல்லோரும் பதறி ஒதுங்குவார்கள். எனக்கு மட்டும் வாயில் எச்சில் ஊறும். கை தன்னால் ஒரு தட்டைத் தேடும். இதை வெளியில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறாள். எங்கேயோ வீடு எரிகிறது, இந்த மனுஷனுக்குப் பசிக்கிறது என்றால் ஊர் என்ன நினைக்கும்?

குற்றம் என்னுடையது அல்ல. வரதய்யபாளையத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் வாழ்ந்த வருஷங்களில் ஒரு அம்மா என்னை இப்படிப் பழக்கிவிட்டார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மெம்பரம்மா.

எழுபதுகளில் நான் அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலுக்கு உபதேசியாராகப் போனேன். ஐயர், அதாவது பாதிரியார், மாதம் ஒருமுறை புத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுப்பது, மணியடிப்பது எல்லாம் நான்தான். கோயிலும் அதை ஒட்டிய மிஷன் பள்ளிக்கூடமும் ஊருக்கு மேற்கே ஒரு மேட்டில் இருந்தன. கீழே ஊர். ஊருக்கு அந்தப் பக்கம் ஏரி. மேட்டில் நின்றால் ஏரிக்கரை முழுக்கத் தெரியும்.

நான் போன முதல் வாரமே மெம்பரம்மா மேடேறி வந்தார். நல்ல ஆகிருதி. வாய் நிறைய வெற்றிலை. என்னைப் பார்க்கவில்லை, நேரே மணியைத்தான் பார்த்தார்.

"இந்த மணி ஏரிக்கரை வரைக்கும் கேக்குமா, உபதேசியாரே?"

"காற்று சரியாக இருந்தால் கேட்கும்" என்றேன்.

"உங்க சாமிக்குக் காது நல்லாத்தான கேக்கும்? ஞாயித்துக்கெழம அடிச்சாப் போதும். மத்த நாளுக்கு எனக்குக் குடுங்க."

அவர் இந்து. மேட்டுக்கு எந்தச் சொந்தமும் இல்லாதவர். ஆனாலும் அடுப்பு மூட்ட நெருப்பு கேட்கிற மாதிரி மணியைக் கேட்டார். ஐயரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவினேன். "கேளுங்க. அதுக்குள்ள கயிறு மாத்தி வைங்க, இது இத்துப் போயிருக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் மெம்பரான கதையே வேடிக்கை. பஞ்சாயத்தில் பெண்களுக்கு என்று ஒரு இடம் இருந்தது. யாரையாவது உட்கார வைத்துக் கைநாட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் இவரைப் பிடித்துப் போட்டார்கள். முதல் கூட்டத்தில் எல்லோருக்கும் டீ வந்தது, இவருக்கு மட்டும் வரவில்லை. அவர் எழுந்து வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தார்களாம். சற்று நேரத்தில் ஒரு தூக்குப் போசி நிறைய டீயும், சுடச்சுடக் காராமணிச் சுண்டலும் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் கையில் கொடுத்துவிட்டு, தானும் ஒரு டம்ளரோடு நடுவில் உட்கார்ந்து, "இப்ப சொல்லுங்க, எதுக்குக் கைநாட்டு?" என்று கேட்டிருக்கிறார். அவர் சுண்டலை வாயில் வைத்துக்கொண்டு அவரிடம் பொய் சொல்ல யாருக்கும் வரவில்லை.

இதுதான் மெம்பரம்மா. எதுவானாலும் முதலில் சோறு, அப்புறம்தான் பேச்சு.

ஒரு கோடையில் பள்ளத்தெருவில் கூரைகள் பற்றிக்கொண்டன. பள்ளத்தெரு என்பது ஏரி வாய்க்காலை ஒட்டித் தாழ்வாக இருக்கும் தெரு. ஊர் கூடிக் குடத்தில் தண்ணீர் மொண்டு கொட்டி அணைத்தோம். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் நாலைந்து வீடுகள் சாம்பல். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மெம்பரம்மா அந்தச் சாம்பலுக்குப் பக்கத்திலேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். "பத்தி எரிஞ்சி முடியல, அதுக்குள்ள இவ ஒரு நெருப்பு வைக்கிறா பாரு" என்று ஒரு கிழவர் சத்தம் போட்டார்.

"அழுறதுக்கும் தெம்பு வேணும் பெரியவரே. துன்னுட்டு அழட்டும்" என்றார் மெம்பரம்மா.

சாப்பிட்டு முடித்ததும் யாருக்கும் அழுகை முன்னைப்போல வரவில்லை. கை கழுவிய கையோடு ஆளுக்கொரு வேலையைப் பங்கு வைத்தார். மூங்கில் இருக்கிறவன் மூங்கில், ஓலை இருக்கிறவன் ஓலை, ஒன்றும் இல்லாதவன் முதுகு. சாப்பிட்டவன் மறுக்க முடியாது. அந்த வாரத்துக்குள் கூரைகள் நின்றுவிட்டன. நானும் ஓலை சுமந்தேன். சாப்பிட்டிருந்தேனே.

மணிக்கு வருகிறேன். ஐப்பசி பிறந்தால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் கடல் பக்கம் ஒரு கண் இருக்கும். ஒரு வருஷம் தாலுகா ஆபீஸிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., ஜீப்பில் வந்தார். துபான், அதாவது புயல், வந்தால் எல்லோரும் மூட்டை முடிச்சோடு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும், இன்றைக்கு அதற்கு ஒத்திகை என்று தெலுங்கிலும் தமிழிலும் தண்டோரா போட்டார்கள். மேட்டுக்கு வந்தவர்கள்: ஆர்.ஐ., தலையாரி, நான், நிழலுக்கு ஒதுங்கிய ஆடுகள், மெம்பரம்மா.

"சார், டிபன் ஏமன்னா இஸ்தாரா?" என்று மெம்பரம்மா கேட்டார்.

ஆர்.ஐ. நல்ல மனுஷர், சிரித்துவிட்டார். ஒத்திகைக்கு ஏதம்மா டிபன் என்றார்.

"அப்ப எவரு வஸ்தாரு? யாரு வருவாங்க?" என்று கேட்டுவிட்டு மெம்பரம்மா என் பக்கம் திரும்பினார். "பயத்துல காலு ஓடாது உபதேசியாரே, பின்னும். பந்திக்குத்தான் ஓடும்."

அடுத்த ஒத்திகையை அவரே நடத்தினார். எங்கள் கோயிலில் பெண்கள் சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். பிடியரிசி என்போம். மெம்பரம்மா அதைப் பார்த்து வைத்திருந்து, ஊர் முழுக்க அதே வழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டார். கோயிலுக்கு ஒரு பிடி, ஒத்திகைக்கு ஒரு பிடி. ஒத்திகை அரிசி பள்ளிக்கூட மூலையில் ஒரு குதிரில் சேர்ந்தது. எங்கள் காணிக்கையைவிட அது வேகமாக நிரம்பியதில் எனக்கு வருத்தம்தான், ஐயரிடம் சொல்லவில்லை. கறிக்கும் வழி கண்டுபிடித்தார். கங்கையம்மனுக்கு ஆடு நேர்ந்துகொண்ட வீடு ஊரில் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். அவர்களைப் பேசிப் பேசி ஒத்திகை நாளிலேயே வெட்ட வைத்துவிடுவார்.

"கங்கையம்மனுக்கு வெட்டியதை நாங்கள் எப்படிச் சாப்பிடுவது?" என்று கேட்டேன். உபதேசியார் கேட்கத்தானே வேண்டும்.

"அம்மாளுக்குத் தலைய குடுத்தாச்சி. தொடையில யாரு பேரும் எழுதல" என்றார்.

வேதத்தில் இதற்கு இடம் உண்டா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் யோசித்தேன், அப்போதும் சாப்பிட்டேன்.

மணியை நிறுத்தாமல் வேகமாக அடித்தால் ஒத்திகை. வழிபாட்டுக்கு அடிப்பது நிதானமாக, விட்டு விட்டு. கேட்டவுடன் ஆளுக்கொரு தட்டோடு மேடேற வேண்டும். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தெருத்தெருவாக, வீடுவீடாக வரிசை. எந்த வீட்டுக்கு எந்த இடம் என்பது மாறாது. அவரவர் தட்டை அவரவர் இடத்தில் வைத்துவிட்டுப் பின்னால் உட்கார வேண்டும். கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் தட்டுகளில் பேர் வெட்டியிருக்கும். மற்றவை அலுமினியம், அங்கங்கே சொட்டை. மெம்பரம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் சொட்டையைப் பார்த்து யார் தட்டு என்று சொல்வார். எந்தத் தட்டு வரவில்லையோ அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். கடைசித் தட்டு விழும்வரை மணி நிற்கக்கூடாது, கரண்டி அசையக்கூடாது. ஆகவே லேட்டாக வருகிறவனை ஊரே திட்டும். என் தோள்பட்டையும் திட்டும்.

நடக்க முடியாத ஒருவரைத் தூக்கி வருகிறவருக்கு நல்லி எலும்பு என்று ஒரு சட்டம் போட்டார். அங்கேதான் சனியன் பிடித்தது. ஊரில் அப்படி ஒருவர்தான், ரிட்டயரான தபால்காரர். ஒரு காலத்தில் சைக்கிளில் சுற்றியவர், இப்போது உடம்பு பெருத்து முட்டி மடங்காமல் கட்டிலோடு இருந்தார். அவரைத் தூக்கப் பள்ளத்தெரு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும், மற்ற வாலிபர்களுக்கும் அடிதடி. ஒருமுறை ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததில் மனுஷர் நடுவீதியில் விழுந்தார். "தபாலு கூட இப்படிக் கிழிஞ்சி வந்ததில்லடா" என்று கத்தினார். கடைசியில் அந்த அண்ணன் தம்பிதான் அவரைக் கட்டிலோடு தூக்கலாம், வேறு யாரும் தொடக்கூடாது என்று தீர்ப்பானது. தபால்காரருக்கு ஏக சந்தோஷம். ஒத்திகை நாளன்று காலையிலேயே முகம் மழித்துத் திருநீறு பூசி, துவைத்த சட்டை போட்டுக் காத்திருப்பார்.

ஒரு வருஷம் தாசில்தாரே இதைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். மிஷன் பள்ளிக்கூடம், கோயில் மணி, ஊர்க்கூட்டம். அவர் கவலை அவருக்கு. "பர்மிஷன் எவரு இச்சாரு?" என்று கேட்டார், யார் அனுமதி கொடுத்தது என்று.

"முந்து போஜனம் செய்யண்டி சார்" என்று, முதலில் சாப்பாடுதான் என்பதுபோல, மெம்பரம்மா இலை போட்டார்.

சாப்பிட்டுவிட்டு மறுபடி கேட்டார். இன்னொரு கரண்டி குழம்பு விழுந்தது. மூன்றாவது தடவை அவர் கேட்கவே இல்லை. போகும்போது, அடுத்த வருஷம் எப்போது என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்.

இத்தனை கூத்துக்கும் வராத ஒரே ஆள் மெம்பரம்மாவின் வீட்டுக்காரர். அவர் நீர்கட்டி. ஏரி மதகைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பங்கு வைக்கிற வேலை. ஒல்லியான, பேச்சுக் குறைந்த மனுஷர், தோளில் எப்போதும் மண்வெட்டி. மணி அடிக்க ஆரம்பித்தால் ஊர் மேட்டுக்கு ஏறும், அவர் மட்டும் ஏரிக்கரையில் ஏறுவார். அவர் தட்டை மெம்பரம்மாவே கடைசியாக வரிசையில் வைத்து, "நிறுத்துங்க" என்று எனக்குக் கையசைப்பார். பந்தி முடிந்ததும் அந்தத் தட்டில் சோற்றைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே ஏரிக்கரைக்கு நடப்பார்.

"அவருக்கு ஏரிதான் மூத்த பொண்டாட்டி. நான் ரெண்டாந்தாரம். மூத்தவள வுட்டுட்டு என் சோத்துக்கு எப்படி வருவாரு?" என்பார். இந்தக் கேலியை வீட்டுக்காரரே லட்சியம் செய்யாதபோது நான் என்ன சொல்வது என்று நானும் சிரித்து வைப்பேன்.

இத்தனைக்கும் காரணமான விஷயத்தை எனக்குச் சொன்னவர் தபால்காரர். ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் மூலையைக் கோடி என்பார்கள். கோடி போனால் ஊருக்கே பண்டிகை. வாய்க்காலில் மீன் துள்ளும். குழந்தை குட்டி எல்லாம் கூடை, வலை, வேட்டி, கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கிவிடும். மெம்பரம்மா கல்யாணமாகி வந்த வருஷம் அப்படிக் கோடி போன ஒரு நாளில் நடுக்கரை இளகிவிட்டது. அப்போது நீர்கட்டி அவருடைய மாமனார். நடுக்கரை உடைந்தால் ஊரே போகும். அதைத் தடுக்க ஒரு வழி உண்டு. கோடிக்குப் பக்கத்தில் கரை தாழ்வு. அங்கே வெட்டிவிட்டால் தண்ணீர் வாய்க்கால் வழியாக இறங்கும், பள்ளத்தெருவில் இடுப்பளவு ஏறும், ஆனால் ஏரியின் பாரம் குறைந்துவிடும். கிழவர் மண்வெட்டியோடு போய்ப் பார்த்தால் வாய்க்கால் நிறைய மீன் பிடிக்கிற ஜனம். கத்தினார். யாரும் ஏறவில்லை.

"வெட்டினா கண்ணெதிர்ல நிக்கிற சனம். வெட்டலைன்னா ஊரு. இன்னா பண்ணுவாரு? நின்னுக்கினே இருந்தாரு. கரையே முடிவு பண்ணிச்சி" என்றார் தபால்காரர். நடுக்கரை உடைந்தது. கூடையோடு போனவர்களில் சிலர் திரும்பவில்லை. அதில் மெம்பரம்மாவோடு சேர்ந்து அதே மாதம் கல்யாணமாகி வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒருத்தி.

அதற்கப்புறம் மெம்பரம்மாவின் குழம்பை நான் வேறு மாதிரி சாப்பிட்டேன். மீனோடு போட்டி போட ஆட்டுக்கறியைக் கொண்டுவந்து வைத்த மூளையை என்னவென்று சொல்வது! அவர்மேல் எனக்கு வந்த அன்பு அன்றைக்கு வந்ததுதான்.

அந்த நாளும் வந்தது. கார்த்திகை. இரண்டு நாள் ஊற்றிய மழை காலையில் தூறலாக ஓய்ந்திருந்தது. ரோடு அறுந்து ஜீப், பஸ் எதுவும் வர வழியில்லை. ஏரி கோடி போகிறது என்று விடியும்போதே ஊரில் கூச்சல். பெண்கள் கூடையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மெம்பரம்மா ஏரிப் பக்கமிருந்து முழங்கால் சேற்றோடு ஓடிவந்து மேடேறினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"நடுக்கரை கசியுது. அடிங்க உபதேசியாரே!"

கயிற்றைப் பிடித்தேன். நல்ல கயிறுதான், அவர் சொல்லிய உடனே மாற்றியிருந்தேன்.

ஜனம் வந்தது பாருங்கள்! வாய்க்காலுக்குக் கிளம்பிய பெண்கள் கூடையைக் கீழே போட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். பள்ளத்தெரு மொத்தமும் ஏறியது. வருஷா வருஷம் மெம்பரம்மா தொண்டை கிழியச் சொல்வார், துணி கொண்டாங்க, தீப்பெட்டி கொண்டாங்க, விளக்கு கொண்டாங்க என்று. ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை. எல்லார் கையிலும் தட்டு, தட்டு மட்டும்தான். ஒரு அம்மா ஊறுகாய் கொண்டுவந்திருந்தாள்.

"அடப்பாவிங்களா! உசுரக் காப்பாத்திக்கினு வாங்கடான்னா தட்டக் காப்பாத்திக்கினு வந்திருக்குதுங்களே!" என்று மெம்பரம்மா தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே சிரித்தார்.

"இன்னிக்கு இன்னா கொழம்பு மெம்பரம்மா? வாசனையே காணோம்" என்று வரிசையிலிருந்து ஒரு குரல்.

"கரை ஒடையப் போவுது, ஒக்காருடா!"

அப்போதுதான் இது ஒத்திகை இல்லை என்று பாதிப் பேருக்குத் தெரிந்தது. தட்டுகள் மளமளவென்று விழுந்தன. மெம்பரம்மா வரிசையோடு நடந்து பார்த்தார். நான் அடித்துக்கொண்டே பார்த்தேன். பள்ளத்தெரு வரிசையில் இரண்டு இடம் காலி, அந்த அண்ணன் தம்பி. அவர்களுக்கு அடுத்து தபால்காரர் இடமும் காலி.

"தபால்காரரை யாரும் தூக்கிக்கினு வர்லியா?" என்று கேட்டார் மெம்பரம்மா.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனே சொன்னான்: "அவங்க ரெண்டு பேருதான தொடணும்னு தீர்ப்பு? நாங்க எப்படித் தொடுறது?"

நல்லி எலும்புச் சட்டம் எங்கே கொண்டுவந்து விட்டது பாருங்கள். மெம்பரம்மாவே மேட்டை விட்டு இறங்கப் போனார். அதற்குள் சரிவில் ஒரு கட்டில் ஆடி ஆடி ஏறிவந்தது. அண்ணன் முன்னால், தம்பி பின்னால், இரண்டு பேரும் தலை முதல் கால் வரை சேறு. கட்டிலில் துவைத்த சட்டையோடு தபால்காரர், அவர் மடியில் ஒரு கூடை, கூடையில் கெளுத்தி துள்ளிக்கொண்டிருந்தது.

"கோடியில மீன் பிடிச்சிக்கினு இருந்தோம்" என்று அண்ணன் மூச்சு வாங்கினான். "நீர்கட்டி மாமா மம்முட்டிய ஓங்கிக்கினு தொரத்தினாரு. 'ஒங்க தட்டு வுழாம மணி நிக்காதுடா, மணி நிக்காம நான் வெட்ட முடியாதுடா, ஓடுங்கடா'ன்னு கத்தினாரு."

கயிறு என் கையில் ஒரு கணம் தயங்கியது. ஒவ்வொரு ஒத்திகைக்கும் வராத மனுஷர் ஒவ்வொரு ஒத்திகையிலும் இருந்திருக்கிறார். ஏரிக்கரையில் நின்று மணி எப்போது நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் அப்பாவுக்குக் கிடைக்காத சேதி அது. வாய்க்காலில் இனி யாரும் இல்லை, வெட்டலாம் என்ற சேதி. பெண்டாட்டி அதற்காகவே ஒரு ஊரைத் தட்டோடு ஓடப் பழக்கியிருக்கிறார். புருஷன் அதற்காகவே சாப்பாட்டுக்கு வராமல் இருந்திருக்கிறார். நான்தான் ஒன்றும் தெரியாமல் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று தட்டும் விழுந்தன. இப்போது காலியாக இருந்தது ஒரே இடம். வீட்டுக்காரர் தட்டு மெம்பரம்மா கையிலேயே இருந்தது, விளிம்பில் பேர் வெட்டிய கல்யாணத் தட்டு. வழக்கம்போல அதை வரிசையில் வைக்கக் குனிந்தார். வைக்க முடியவில்லை. நிமிர்ந்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"அவர் எந்தப் பக்கம் நின்று வெட்டுவார்?" என்று கேட்டேன்.

"வெட்டினப்பறம் இந்தப் பக்கம் வர முடியாது. கசியற கரைமேலதான் அந்தாண்ட போவணும்."

"அவர் தட்டு..."

"அது என்கிட்ட இருக்குது. நிறுத்துய்யா."

அதுவரை என்னை அவர் அய்யா போட்டு அதட்டியதே இல்லை. நிறுத்தினேன்.

அவ்வளவு பெரிய அமைதியை நான் கேட்டதில்லை. எல்லோரும் ஏரியைப் பார்த்தோம். கோடிப் பக்கத்தில் ஒரு சின்ன உருவம் குனிந்து நிமிர்ந்தது, குனிந்து நிமிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் தண்ணீர் பழுப்பாக வளைந்து விழுந்தது. வாய்க்கால் பொங்கிப் பள்ளத்தெருவுக்குள் நுழைந்தது. மண் சுவர்கள் ஊறிச் சரிந்தன, எங்கள் உழைப்பில் எழுந்த கூரைகள் மெதுவாக உட்கார்ந்தன. அதற்குச் சொந்தக்காரர்கள் தட்டைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுக்கரை நின்றது. அந்த உருவம் கரைமேல் நடந்து நடந்து மழைமூட்டத்தில் மறைந்தது.

மெம்பரம்மா திரும்பி, "அடுப்பு பத்த வைங்க" என்றார்.

குதிரில் அரிசி இருந்தது. தபால்காரர் மடி மீன் இருந்தது. அந்த அம்மாவின் ஊறுகாயும் இருந்தது. பந்தி நடந்தது. மெம்பரம்மா எல்லோருக்கும் பரிமாறினார், தான் ஒரு வாய் போடவில்லை. அந்தத் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டே பரிமாறினார். நடுவில் மேற்குப் பார்த்து ஏழுமலையானிடம் என்னவோ முணுமுணுத்ததைக் கேட்டேன். நானும் உள்ளே போய் முழங்கால் போட்டேன். யார் ஜெபம் முதலில் போய்ச் சேர்ந்தது என்று எங்களுக்குள் வாதம் கடைசிவரை தீரவில்லை.

கரையின் மறுமுனை பக்கத்து ஊரில் முடியும். அங்கிருந்து சுற்றி வர வேண்டும். பொழுது சாயப் பார்த்தது. ஜனங்கள் மேட்டின் ஓரத்தில் நின்று அவரவர் வீட்டில் தண்ணீர் எவ்வளவு வடிந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கச் சரிவில் யாரோ இருமுகிற சத்தம். திரும்பினால் நீர்கட்டி. உடம்பெல்லாம் சேறு, கண் மட்டும் தெரிந்தது. ஒரு தோளில் மண்வெட்டி, இன்னொரு தோளில் கை நீளத்துக்கு ஒரு விரால், வாய்வழியே கயிறு கோத்துத் தொங்கியது.

மெம்பரம்மா அசையவில்லை. நீர்கட்டி மீனைக் கீழே வைத்தார்.

"மூத்தவ போயிட்டா" என்றார். "தண்ணி மொத்தம் வடியுது. இந்த வருஷம் நடவு இல்ல. இனிமே உன் சோறுதான்."

"அதுக்கு இம்மாம் நேரமாய்யா?" என்று வெடித்தார் மெம்பரம்மா. "சனிக்கெழம திருப்பதி போயி மொட்டை போட்டுக்கினு வர்ற நீ!"

"நான் ஒண்ணும் வேண்டிக்கலியே?"

"நான் வேண்டிக்கினேன். முடி உன்னுது."

அவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு பெண்டாட்டி இடுப்பிலிருந்து தட்டை உருவி, தாழ்வாரத்தில் அந்தக் காலி இடத்தில், ஒரு நாளும் தான் உட்கார்ந்திராத இடத்தில், தானே வைத்துவிட்டு உட்கார்ந்தார். மெம்பரம்மா கரண்டியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது, வாய் சிரித்தது.

"உபதேசியாரே, போயி மணியடிங்க."

"எதற்கு? எல்லாம்தான் முடிந்ததே!"

"காலையில நிறுத்தினது பொய்யி. கடைசித் தட்டு இப்பத்தான் வுழுந்திருக்குது. மறுபடி அடிச்சி, ஒழுங்கா நிறுத்துங்க."

போய் அடித்தேன். தோள் வலித்தது, கை எரிந்தது, இருந்தும் அன்றைக்கு அடித்த மாதிரி ஈஸ்டர் காலையில்கூட நான் அடித்ததில்லை. மேட்டோரத்தில் நின்ற ஜனம் திடுக்கிட்டுத் திரும்பியது. ஒரு நொடிதான். அப்புறம் வீடு போனவன், சுவர் போனவன், கோழி போனவன் எல்லோரும் அவரவர் தட்டைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு ஓடிவந்தார்கள். கட்டிலில் இருந்தபடியே தபால்காரர், "என்னைத் தூக்குங்கடா!" என்று கத்தினார். மெம்பரம்மா கரண்டியை ஓங்கி, "அட சனங்களா, இப்பத்தான துன்னீங்க!" என்று சிரிக்கச் சிரிக்கக் கத்தினார்.

நான் மணியை நிறுத்தினேன், ஒழுங்காக. கயிற்றை விட்டுவிட்டு என் தட்டைத் தேடினேன்.